இரு சாவிப் பூட்டு

ஊரறியக் கொடுத்துவிடும் பகிரங்கச் சாவியால் கடிதத்தை எவரும் பூட்டலாம், உரியவரிடமுள்ள அந்தரங்கச் சாவியாலன்றி அதைத் திறக்க இயலாது என்ற விசித்திரமான கணித உபாயத்தைச் சாமானியரின் கணினிக்குக் கொண்டுவந்து, 1991-இல் ‘பி.ஜி.பி.’ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டவர் அமெரிக்கரான பில் ஸிம்மர்மன். மறையெழுத்து மென்பொருளையும் யுத்த தளவாடமாகவே பாவித்த அமெரிக்க சர்க்கார், அது கடல் கடந்ததற்காக அவர்மீது குற்ற விசாரணை நடத்தி, 1996-இல் வழக்குத் தொடராமலே கைவிட்டது. இதற்கிடையே அதன் மூலநிரலை எம்.ஐ.டி. பதிப்பகம் புத்தகமாகவே அச்சிட்டது. புத்தகத்தை ஆயுதமென்று தடுக்க எந்தச் சுங்க அதிகாரிக்குத்தான் துணிவு வரும்! பின்னர் ஜெர்மானியரான வெர்னர் கோக் இதே உபாயத்தைக் கொண்டு இயற்றிய ‘க்னூ பி.ஜி.’ யாவரும் பரிசோதித்துத் திருத்தத்தக்க சுதந்திர மென்பொருள். எனினும் விஷயத்தை மறைக்கும் அது, யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதை மறைப்பதில்லை.