ஆறுபடை வீடு செல்லும் அன்பர்களுக்கு: முதலில் நாள், முடிவில் பயணச்சீட்டு

கடல் கடந்து வந்து மூன்று, நான்கு தலைமுறைகள் ஆன பின்னரும் மலேசியத் தமிழர் உள்ளத்தில் மாறாது நிற்கும் ஆவல் ஒன்று உண்டு. முருகப் பெருமானின் ஆறுபடை வீடுகளையும் வாழ்நாளில் ஒரு முறையேனும் கண்ணாரக் கண்டு தொழ வேண்டும் என்பதே அது. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலையில் காவடி ஏந்தும் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்து அன்பர்களில், “அடுத்துப் பழனிக்கே வந்து தொழுவேன்” என்று அங்கேயே வேண்டிக்கொள்வோரும் உளர்.

அந்த வேண்டுதல் நிறைவேறும் காலம் வரும்போது, குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் செய்வது என்ன? மலிவு விலை விமானச்சீட்டு அறிவிப்பைப் பார்த்தவுடன் நான்கைந்து இருக்கைகளைப் பதிவு செய்துவிடுகின்றனர். எந்த நாள், எங்கே தங்குவது, முதியவர்களால் மலையேற முடியுமா என்பனவற்றைப் பிறகே எண்ணுகின்றனர். மலிவாகத் தொடங்கிய பயணம் இவ்விடத்திலேயே செலவு மிகுந்ததாகி விடுகிறது. சிக்கனம் சீட்டின் விலையில் மட்டும் இல்லை. எதனை முதலில் முடிவு செய்கிறோம் என்ற வரிசையில் இருக்கிறது. முதலில் நாள், அடுத்து உடல்நிலை, அதற்கடுத்து அறை, இறுதியில் பயணச்சீட்டு என்பதே அவ்வரிசை.

கப்பல் காலமும் விமானக் காலமும்

நம் முன்னோர் காலத்தில் இந்த வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை எழவில்லை. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களை இணைத்தது. அதன் பின்னர் ‘சிதம்பரம்’ கப்பல் அப்பணியை ஏற்றது. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் தீப்பற்றி உயிர்கள் பலியானதோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிவுக்கு வந்தது. கப்பலில் சென்றவர்கள் மாதக்கணக்கில் தாயகத்தில் தங்கினர். உறவினர் வீடு இருந்தது. திருவிழா வரும்வரை காத்திருக்கப் பொழுதும் இருந்தது.

இன்றைய நிலை வேறு. பினாங்கிலிருந்து சென்னைக்கு இண்டிகோ நிறுவனத்தின் நேரடிச் சேவை 2024 டிசம்பர் 21-இல் தொடங்கிற்று. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஏர் ஆசியா 2008-ஆம் ஆண்டிலேயே பறக்கத் தொடங்கியது. பாட்டனாருக்குப் பல நாள் பிடித்த பயணம் பேரனுக்குச் சில மணி நேரமே. ஆனால் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ பணிபுரியும் பேரனுக்குக் கிடைக்கும் விடுப்பும் பத்து நாளைத் தாண்டுவதில்லை. ஊர் உறவும் பல குடும்பங்களில் அற்றுப்போயிற்று. பத்து நாளில் ஒரு நாள் பிழையாகக் கணக்கிடப்பட்டாலும், ஒரு படைவீடு விடுபட்டுப் போகும். எழுபது வயதைக் கடந்த தாய்க்கு மற்றொரு முறை செல்லும் வாய்ப்புக் கிடைக்குமா என்பதை யார் கூற இயலும்?

முதலில் நாளைக் குறித்துக்கொள்க

திருவிழா நாளில் சென்று தொழுவதா, கூட்டமற்ற நாளில் நின்று நிதானமாகத் தொழுவதா என்பதைக் குடும்பத்தார் கூடி முடிவு செய்ய வேண்டும். இரண்டும் சிறந்தவையே, இரண்டின் செலவும் ஒன்றல்ல. ஐப்பசியில் கந்த சஷ்டியின்போது திருச்செந்தூரிலும், ஆடிக் கிருத்திகையின்போது திருத்தணியிலும், பங்குனி உத்திரத்தின்போது பழனியிலும் இலட்சக்கணக்கானோர் கூடுவர். அந்நாள்களில் அறை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் வாடகை உயர்ந்திருக்கும்.

நம் பள்ளி விடுமுறை விழும் டிசம்பர் மாதத்தை ஒட்டிச் செல்வோர் வேறு சிலவற்றையும் எண்ண வேண்டும். அது சபரிமலைப் பருவம். ஐயப்ப பக்தர்கள் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் திரளாக வருவர். விமானக் கட்டணமும் அப்போதுதான் ஏறும். வடகிழக்குப் பருவமழையும் அக்காலத்தில் பெய்யும். 2023 டிசம்பர் 17-இல் கொட்டிய பெருமழையால் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளக்காடாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டனர். எனவே கடைசிக் கோயிலுக்கும் திரும்பும் விமானத்திற்கும் இடையே ஒரு முழு நாளேனும் ஒதுக்கி வைப்பது அறிவுடைமை.

திருப்பணிக் காலத்தையும் விசாரித்தறிய வேண்டும். கோயிலில் பாலாலயம் செய்யப்பட்டிருந்தால் வழக்கமான மூலவர் தரிசனம் கிடைக்காமற் போகலாம். பழனியில் 2023 ஜனவரி 27-ஆம் நாளும், திருச்செந்தூரில் 2025 ஜூலை 7-ஆம் நாளும், திருப்பரங்குன்றத்தில் 2025 ஜூலை 14-ஆம் நாளும் குடமுழுக்கு நிறைவேறியது. மற்ற தலங்களின் நிலையைத் தேவஸ்தானத்திடம் கேட்டறிவது நன்று.

நாள் கணக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. நம் நாட்டு நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. ஆதலால் இங்குள்ள பஞ்சாங்கத்தில் ஒரு நாளில் விழும் திதியோ நட்சத்திரமோ அங்கு வேறு நாளில் கொள்ளப்படலாம். திருவிழாவை நாடிச் செல்வோர் அந்தந்தக் கோயில் அறிவித்த தேதியையே கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மூத்தோர் உடல்நிலை

ஆறு தலங்களும் ஒரே தன்மையன அல்ல. திருச்செந்தூர் கடற்கரைத் தலம். அங்கு மலையேற்றம் இல்லை. திருப்பரங்குன்றம் மலையடிவாரத்துக் குடைவரைக் கோயில். சுவாமிமலையில் தமிழ் ஆண்டுகள் அறுபதைக் குறிக்கும் 60 படிகள். திருத்தணியில் ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள் உள்ளன, எனினும் வாகனம் மேலே செல்லும் பாதையும் உண்டு. பழனியில் இழுவை ரயிலும், 2004-இல் தொடங்கிய கம்பிவட ஊர்தியும் முதியோர்க்குத் துணை செய்கின்றன. ஆனால் கம்பிவட ஊர்தி மாதத்தில் ஒரு நாளும், ஆண்டுக்கொரு முறை பல நாள்களும் பராமரிப்புக்காக நிறுத்தப்படும். முழங்கால் வலியுள்ள தாயை அழைத்துச் செல்வோர் இதனைக் கேட்டறிந்த பின்னரே பழனிக்குரிய நாளை உறுதி செய்ய வேண்டும். ஒரே நாளில் இரண்டு மலைத் தலங்களை அடைத்துத் திட்டமிடுவதும் தவறு.

மூன்றாவது, தங்கும் அறை

பழனியில் தண்டபாணி நிலையம் போலவே, பெருந்தலங்கள் பலவற்றில் தேவஸ்தான விடுதிகள் குறைந்த வாடகைக்கு அறை தருகின்றன. சன்னதிக்கு அருகில் தங்கினால் ஆட்டோ, வாடகைக்கார் செலவும் குறையும்.

எனினும் மலேசியக் கடப்பிதழ் உடையோர் அறிய வேண்டிய விதி ஒன்று உண்டு. இந்தியாவில் வெளிநாட்டினரைத் தங்க வைக்கும் விடுதிகள், 24 மணி நேரத்திற்குள் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவை. இதற்கு ஆயத்தம் இல்லாத சிறு விடுதிகளும் சத்திரங்களும், தமிழர் என்ற அன்பு இருந்தும், அறை தர மறுப்பதுண்டு. நள்ளிரவில் பெட்டிகளோடு வீதியில் நின்று விடுதி தேடினால், கேட்ட வாடகையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே முன்பதிவுக்கு முன்னரே, “மலேசியக் கடப்பிதழ் உடையவர்கள் நாங்கள், அறை தருவீர்களா?” என்று கேட்டு, ஒப்புதலை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அறையைக் கட்டணமின்றி மாற்றவும் நீக்கவும் இடமளிக்கும் முறையில் பதிவு செய்தல் நலம். மலிவான விமானச்சீட்டை அவ்வாறு மாற்ற இயலாது. மாற்றக்கூடியதை முதலிலும், மாற்ற முடியாததைப் பின்னரும் உறுதி செய்தல் எக்காலத்திற்கும் பொருந்தும் சிக்கனம்.

இறுதியில் பயணச்சீட்டு

மேற்கூறிய மூன்றும் முடிவான பின்னர்ச் சீட்டு வாங்குவோர் சில செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

அறிவிப்பில் காணும் கட்டணம் முழுக் கட்டணமன்று. பெட்டி, உணவு, இருக்கை ஆகியவை தனித்தனியே சேரும். திரும்பும்போது குத்துவிளக்கும் புடவையும் இல்லாமல் வரும் குடும்பம் ஏது? விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குச் செலுத்தும் தொகை, முன்கூட்டியே வாங்கும் எடையின் விலையைவிட மிக அதிகம். பழனிப் பஞ்சாமிர்தத்தையும் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் இழக்க நேரும். பெரிய பெட்டியில் வைத்து அனுப்புக.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கோலாலம்பூருக்கு இ.டி.எஸ். ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சென்றுவிடலாம். ஆயினும் ரயில், விமான நிலையச் செலவு, இடையில் ஓர் இரவுத் தங்கல் அனைத்தையும் நால்வருக்குக் கூட்டிப் பார்த்து, பாயான் லெப்பாஸிலிருந்து புறப்படும் கட்டணத்தோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்க. இரண்டு விமானங்களை வெவ்வேறு சீட்டுகளாக வாங்கினால், முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும் இழப்பு நம்முடையதே என்பதையும் மறவற்க.

நள்ளிரவு விமானங்களில் தேதிக் குழப்பம் நேர்வதுண்டு. பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். பயணச்சீட்டிலோ நள்ளிரவில் தொடங்கும். பன்னிரண்டாம் தேதி 00.30 மணி என்றிருந்தால் பதினொன்றாம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

பெயர் விவகாரமும் நம்மவர்க்கே உரியது. கடப்பிதழில் ஏ/எல், ஏ/பி என்று தந்தையார் பெயரோடு வரும் சாய்கோட்டை விமான நிறுவனக் கணினிகள் ஏற்பதில்லை. சீட்டிலும் விசாவிலும் பெயர் கடப்பிதழோடு ஒத்திருக்க வேண்டும். ஐயம் இருப்பின் பணம் செலுத்துமுன் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்க; பின்னர்த் திருத்தினால் கட்டணம் உண்டு. கடப்பிதழ் ஆறு மாதத்திற்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். மின்விசாவை இந்திய அரசின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதனைப் போலத் தோன்றும் வேறு தளங்கள் கூடுதல் பணம் பறிக்கின்றன.

விமானம் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, பயணத்தைக் கைவிட நேர்ந்தால், செலுத்திய முறையிலேயே பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை 2024 செப்டம்பர் 2 முதல் மலேசிய விதிகளில் இடம்பெற்றுள்ளது. முறையீடுகளை 2025 ஆகஸ்ட் முதல் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம் கவனிக்கிறது.

பத்து நாளில் ஒரு வழி

சென்னையில் இறங்கிச் சென்னையிலேயே ஏறுவோர் தெற்கே சென்ற வழியே மீண்டும் வர வேண்டும். மலிவு விலை நிறுவனங்கள் ஒருவழிச் சீட்டுகளைத் தனியே விற்பதால், திருச்சியில் இறங்கிச் சென்னையில் ஏறுவதே பெரும்பாலும் நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

முதல் நாள் திருச்சியில் இறங்கி இளைப்பாறுக. இரண்டாம் நாள் கும்பகோணம் அருகே சுவாமிமலை சென்று திரும்புக. மூன்றாம் நாள் திண்டுக்கல் வழியே பழனி. நான்காம் நாள் காலை தரிசனம் முடித்து மதுரை. ஐந்தாம் நாள் திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும். இரண்டும் மதுரையை ஒட்டியவை. ஆறாம் நாள் திருச்செந்தூர் சென்று தங்கி, ஏழாம் நாள் இரவு சென்னைக்கு ரயிலேறலாம். இந்திய ரயில்வேயின் பொது முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்னரே தொடங்குகிறது. அந்நாளைக் குறித்து வைத்துக்கொள்க. எட்டாம் நாள் ஓய்வு. ஒன்பதாம் நாள் திருத்தணி. பத்தாம் நாள் எதிர்பாராத் தடைக்கென ஒதுக்கிய நாள். தடை நேராவிடில் அன்று மயிலைக் கபாலீசுவரரைத் தொழுது விமானம் ஏறலாம்.

முகவரிடம் பணம் கொடுக்குமுன்

குழுவாகச் செல்ல விரும்புவோர் பயண முகவரை நாடுவது இயல்பு. “குறைந்த விலையில் ஆறுபடை வீடு” என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்துவிடலாகாது. முகவர் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் பெற்றவரா என்பதைச் சரிபார்க்க வேண்டும். ரசீது நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். எத்தனை இரவு, எந்த விடுதி, எத்தனை வேளை உணவு, எந்த விமானம் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கோயிலில் அறிமுகமானவர், ஊர்க்காரர் என்பவை உரிமத்திற்கு ஈடாகா.

தோட்டத்தில் உழைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, தமக்கென எதுவும் கேளாத பெற்றோர் நம்மிடம் கேட்கும் ஒரே பரிசு இந்த யாத்திரையாக இருக்கலாம். அவர்கள் சன்னதியில் பதற்றமின்றி ஒரு கணம் நின்று கைகூப்பும்படி திட்டமிடுவது பிள்ளைகளின் கடமை. நாளும் உடலும் அறையும் முறையே அமைந்துவிட்டால், அதற்கேற்ற சீட்டைப் பொறுமையாகத் தேடி வாங்கலாம். வேலவன் அருளால் அன்பர்களின் யாத்திரை இனிதே நிறைவேறுக!