தடை செய்யப்பட்ட ஒரு குலப்பெயர்

ஸ்காத்லாந்து நாட்டுக் குலப்பெயர்களுள் மக்கிரெகர் என்பதன் வரலாறு, ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரெழுதும் பொறுப்புடையோர் யாவரும் சிந்திக்கத்தக்கது.

'மக்' என்னும் கேலிக் மொழிச்சொல்லுக்கு மகன் என்பது பொருள். கிரெகர் என்பது கிரேகோரியோஸ் என்னும் கிரேக்கப் பெயரின் திரிபு. கெத்செமனேயில் சீஷரை விழித்திருக்கும்படி ஆண்டவர் பணித்தபோது மத்தேயு எடுத்தாளும் வினைச்சொல்லே இதன் வேராகும். இக்குலத்தார் ஆர்கைல் பகுதியிலுள்ள கிளெனோர்க்கி, கிளென்ஸ்ட்ரே பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தனர். அந்நிலங்களின்மீது காம்பெல் குலத்தார் உரிமை பெற்றபின், இவர்கள் நிலையற்றோராயினர்; பூசல்களும் மிகுந்தன.

1603 பிப்ரவரியில் கிளென் புரூயின் என்னுமிடத்தில் கஹூன் குலத்தாருள் பலரை இவர்கள் வெட்டி வீழ்த்தினர். இக்குற்றத்தை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அரசு அளித்த தண்டனை, குற்றம் செய்தோரோடு நிற்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள், மக்கிரெகர் என்னும் பெயரையே கைவிடவேண்டும், மீறினால் மரணம் என்று அரசரின் ஆலோசனைச் சபை ஆணையிட்டது. 1604இல் குலத்தலைவர் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். 1633ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆண் குழந்தைக்கு கிரெகர் என்னும் பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தலாகாது என்று மலைநாட்டுப் போதகர்களுக்குத் தடை விதித்தது. போர்க்களத்தையே கண்டிராத குழந்தையைத் தண்டிக்கும் கருவியாகத் திருமுழுக்குத் தொட்டி ஆக்கப்பட்டது.

மர்ரே, டிரம்மண்ட், கிராண்ட், காம்பெல் முதலிய பெயர்களுக்குள் அம்மக்கள் மறைந்து வாழ்ந்தனர். 1661இல் நீக்கப்பட்ட தடை 1693இல் மீண்டும் வந்தது. 1774இலேயே முற்றிலும் ஒழிந்தது. அதன்பின் 826 பேர் கையொப்பமிட்டுத் தம் தலைவராக ஏற்றுக்கொண்டவர், ஜான் மர்ரே என்னும் பெயரோடு வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றியவரே.

இப்பெயர் கடலையும் கடந்தது. 1718இல் ஜேம்ஸ் மக்கிரெகர் என்னும் பிரெஸ்பிட்டேரியன் போதகர் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து தம் சபையார் பலரோடு அமெரிக்கா சென்றார். நியூ ஹாம்ப்ஷையரில் லண்டன்டெரி என்னும் குடியிருப்பு உருவாயிற்று. அதே பெயருடைய மற்றொரு போதகர் 1786இல் நோவா ஸ்கோஷியாவின் பிக்டூ வந்தடைந்தார். இவர் பிறந்த 1759ஆம் ஆண்டில் அப்பெயர் தடைக்குட்பட்டதாகவே இருந்தது. 1788இல், அடிமைகளை வைத்திருந்த சக போதகர் ஒருவரைக் கண்டித்து இவர் கடிதம் எழுதி வெளியிட்டார். தம் சொற்ப வருவாயிலிருந்தும் அடிமைகளின் மீட்புக்குப் பொருள் ஈந்தார்.

தானியேலுக்கும் அவன் தோழர்க்கும் பாபிலோன் வேறு பெயர் சூட்டிற்று. திருமறையோ அவர்தம் பழைய பெயர்களையும் நமக்குக் காத்துத் தந்துள்ளது. ஆகவே, பதிவேட்டில் காணும் ஒரு பெயரைக்கொண்டே குருதியுறவை முடிவுசெய்ய நாம் விரையலாகாது. இனி எழுதப்போகும் பெயரைக் குறித்தோ நம் பொறுப்பு இன்னும் பெரிது. குழந்தையை ஏந்தி நிற்கும் போதகர், அதன் பெயரை அரசின் சினத்துக்கோ ஊரின் இகழ்ச்சிக்கோ அஞ்சித் திருத்துபவராய் இருத்தல் தகாது.