உங்களுக்குத் தெரியுமா? சுடச்சுடப் படியும் சுண்ணாம்பு

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் போர் தண்ணீர் ஓடும் வீட்டுக் கீசரின் காயிலைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை ஓடு கட்டியிருக்கும். சர்க்கரை சூட்டில் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறப் பிரிந்து படியும். குமிழி விடும் வெந்நீர்த் தொட்டியான ஹாட் டப் வைப்பவர்களுக்கு முதல் தலைவலி இதுதான். தண்ணீரைக் கடினமாக்குவதில் மக்னீசியத்துக்கும் பங்குண்டு. ஊரை ஒட்டிய சுண்ணாம்புக் கரட்டில் வெட்டுகிற மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட்தான்.

தொட்டி நீரில் கால்சியம் கடினத்தன்மை 150 முதல் 250 பிபிஎம் வரை இருக்கலாம். ஆகவே கடினமான போர் தண்ணீரைவிடக் காவிரிக் குழாய்த் தண்ணீரை நிரப்புவது நல்லது.

அதைவிட முக்கியம் பிஹெச்: 7.2 முதல் 7.8. ஏறத்தாழ 7.5-இல் குளோரினின் பாதிதான் கிருமி கொல்லும் வடிவில் இருக்கும், 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. எவ்வளவு கொட்டினாலும் வீண்! வெந்நீரில் குளோரின் சீக்கிரமே தீர்ந்தும் போகும். 3 பிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகலாம்; குமிழிகள் கிளப்பும் நீர்த்திவலையோடு அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவைத் தரும்.

மூக்கைத் துளைக்கும் நெடி சுத்தத்தின் அடையாளம் அல்ல. வியர்வையோடு கலந்த குளோரின் குளோரமைனாக மாறிவிட்டது என்று அர்த்தம். இறங்குமுன் சோதனைப் பட்டையை நனைத்துப் பாருங்கள்.