அபயம் தந்த வீதி

பல்லவ மன்னன் நாடு கடத்திய கணிகண்ணனுக்காக அவன் குருவாகிய திருமழிசை ஆழ்வாரும், ஆழ்வாருக்காகப் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் காஞ்சியைத் துறந்த கதையைத் திருமழிசைவாசிகளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துரத்தப்பட்டவனோடு துணை நிற்பதே தர்மம் என்னும் அக்கதையின் சாரத்தை நம் காலத்துச் சரித்திரத்திலேயே காண விழைவோர், வண்டலூர், திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சென்று, ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில், பாரதியார் வசித்த இல்லங்களுள் ஒன்றாகிய நினைவு இல்லத்தைத் தரிசித்து வரலாம்.

தாம் நடத்திய ‘இந்தியா’ பத்திரிகையின் மீது ஆங்கில சர்க்காரின் கோபம் பாய்ந்த 1908-இல் பிரெஞ்சு எல்லைக்குள் அடைக்கலம் புகுந்த கவி, பத்தாண்டுக் காலம் அங்கே ஜீவித்தார். வெளிச்சம் விழும் முற்றமும், கண்ணாடிப் பேழைகளில் கையெழுத்துப் படிகளும், சுவர்களில் பழைய படங்களும் கொண்ட இவ்வில்லத்தில் இரகசிய அறையோ, மறைவான ஏணியோ இல்லை. அவர் மறைந்து வாழவில்லை. தெருமுனையில் ஒற்றர்கள் காத்திருக்க, பகிரங்கமாகவே வாழ்ந்தார். 1911-இல் கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டபின் கெடுபிடி மிகுந்தது. 1914-இல் யுத்தம் மூண்டு, ஜெர்மானியரின் எம்டன் கப்பல் சென்னையைத் தாக்க, பிரிட்டனும் பிரான்சும் தோழமை நாடுகளாய் நின்ற அவ்வேளையில், தேசபக்தர்களை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடும் யோசனைகூட எழுந்தது.

அவரைக் காத்தது சுவரன்று, அயலார் துணிவே. அந்நியர் யாவரும் ஊர்ப் பிரமுகர் ஐவரின் நற்சான்று பெறவேண்டுமென்று சட்டம் வந்தபோது, கலவை சங்கரன் செட்டியார் முன்னின்று கையொப்பங்களைத் திரட்டித் தந்தார். வாடகை கேட்க வந்து, கேளாமலே திரும்பிப் போகும் ‘விளக்கெண்ணெய்’ச் செட்டியாரையும் எழுத்தாளர் வ.ரா. நமக்குச் சித்திரித்துக் காட்டியிருக்கிறார். ஆம்ஸ்டர்டாமில் 1942 முதல் 1944 வரை யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க்கின் குடும்பத்தார் நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த வீடும் இதே பாடத்தைப் புகட்டுகிறது: புத்தக அலமாரிக்குப் பின்னிருந்த மறைவான வாசலைவிட, உயிரைப் பணயம் வைத்து நாள்தோறும் உணவு கொணர்ந்த அலுவலக ஊழியர்களே மெய்யான காவல்.

யுத்தம் ஓய்ந்த ஒன்பதாம் நாள், 1918 நவம்பர் 20-இல், எல்லை கடந்த பாரதியார் கடலூர் அருகே கைதானார். புதுவையின் அபயம் எத்தகையது என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே அவ்வில்லத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர், கவியின் பெருமையோடு, சான்றில் கையொப்பமிட்டவர்களின் பெருமையையும் கூறுவார்களாக. கவியாதல் சிலருக்கே வாய்க்கும், கையொப்பமிடுதல் எல்லோருக்கும் கூடும்.