உழவு இயந்திரத்தின் டீசலில் சேர்மானம் கலக்கலாமா?

ஐப்பசி மழை தொடங்கியதும் ஊவா மாகாணத்தில் உழவு வேலைகள் மும்முரமாகின்றன. மகியங்கனையின் தாழ்நிலங்களில் பெரும்போக நெல்லுக்காகச் சேறடிக்கப்படுகின்றது. வெலிமடை, ஊவா பரணகமை ஆகிய பகுதிகளில் பெரும்போக நெல் அறுவடையான வயல்களே பின்னர் உருளைக்கிழங்குக்கும் மரக்கறிக்கும் பண்படுத்தப்படுகின்றன. பண்டாரவளை, அப்புத்தளை மலைச் சரிவுகளில் கோவா, கரட், போஞ்சி, லீக்ஸ் ஆகியவற்றுக்குப் பாத்திகள் அமைகின்றன. இவ்வேலைகளுக்கெல்லாம் இன்று பெரிதும் உதவுவன இரு சக்கர உழவு இயந்திரமும் சிறிய நான்கு சக்கர உழவு இயந்திரமுமேயாம்.

நிலம் பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் இயந்திரம் நின்றுவிட்டால் நட்டம் ஒரு நாட் கூலியோடு முடிவதில்லை. வாய்க்கால் நீர் முறை தவறிப்போகும், நாற்று முற்றிவிடும், கூலிக்கு உழுபவராயின் வாக்குக் கொடுத்த வயல்களும் கைவிட்டுப் போகும். இத்தகைய வேளையில் இயந்திரம் கரும்புகை கக்கினாலும், இழுவை குறைந்தாலும், கமக்காரர் பலர் கடைகளில் போத்தலில் விற்கப்படும் டீசல் சேர்மானங்களை நாடுகின்றனர். புகை குறையும், எரிபொருள் மிச்சமாகும், இயந்திரம் புதியதுபோல் ஓடும் என்பன போத்தலின் மேல் காணப்படும் வாக்குகள். இவற்றுள் எது மெய், எது வீண் செலவு என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னரே அறிந்துகொள்ளுதல் நன்று.

டீசல் செய்யும் இரு வேலைகள்

இலங்கை வயல்களில் இரு சக்கர உழவு இயந்திரம் 1950களில் பிரித்தானியாவிலிருந்து வந்த லான்ட்மாஸ்டர் வாயிலாக அறிமுகமாயிற்று. அதன் வடிவமைப்பில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தனவுக்குப் பெரும் பங்குண்டு. பின்னர் யப்பானிய, சீன டீசல் இயந்திரங்கள் பரவின. எனினும் பல ஊர்களில் இன்றும் எந்த இரு சக்கர இயந்திரத்தையும் லான்ட்மாஸ்டர் என்றே அழைக்கின்றனர்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. உருளைக்குள் காற்று மிக அழுத்தப்படுவதால் கடுஞ்சூடு அடைகின்றது. அச்சூட்டில் டீசல் மென்தூறலாக உட்செலுத்தப்பட்டவுடன் தானே பற்றிக்கொள்கின்றது. இத்தூறலை உண்டாக்குவது நொசில். அதற்கு வேண்டிய அழுத்தத்தைக் கொடுப்பது டீசல் பம்பு.

டீசல் எரிந்து வலுவைக் கொடுப்பதோடு மற்றொரு வேலையையும் செய்கின்றது. பம்பின் உள்ளே ஓடும் தண்டுக்கும் அதன் உறைக்குமிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு அல்லது மூன்று கூறு அளவே. மனிதத் தலைமயிரின் பருமன் இதனிலும் இருபது மடங்குக்கு மேற்பட்டது. இந்நுண்ணிய இடைவெளியில் வேறு மசகெண்ணெய் இல்லை. அங்கே ஓடும் டீசலே மசகாகின்றது. எனவே டீசலில் கலந்த ஒரு துளி நீரோ, கண்ணுக்குப் புலப்படாத மணற்றுகளோ, பசையற்ற மண்ணெண்ணெயோ முதலில் கெடுப்பது பம்பையும் நொசிலையுமே. இவ்விரண்டும் இயந்திரத்தில் விலை மிகுந்த உறுப்புகளாகும்.

பழுது எங்கிருந்து வருகின்றது?

முதலாவது பகை நீர். மலைநாட்டில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வருகின்றன. பாதி வெறுமையான தாங்கியினுள் உள்ள காற்றின் ஈரம் இரவில் தகட்டின் உட்புறத்தில் பனித்து, துளித் துளியாக டீசலில் வடிகின்றது. நீர் டீசலிலும் கனமானதாகையால் அடியில் தங்கிப் பம்புக்குச் செல்லும் குழாய்வாயை அடைகின்றது. போகம் முடிந்து மாதக்கணக்கில் நிறுத்திவைத்த இயந்திரத்தில் இந்நீருக்கும் டீசலுக்கும் இடையில் நுண்ணுயிர்கள் பெருகிக் கரிய வழுவழுப்பான படிவை உண்டாக்குவதுமுண்டு. அடுத்த போகத்தில் வடிகட்டியை அடைப்பது அப்படிவே.

இரண்டாவது பகை தூசி. ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் வீசும் வறண்ட காற்று இங்குள்ள தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கின்றது. அதே காற்று மரக்கறித் தோட்டங்களின் செம்மண் தூசியை இயந்திரத்தின் காற்று வடிகட்டியிலும், மூடாத டீசல் கலங்களிலும் சேர்க்கின்றது.

மூன்றாவது பகை கலப்படம். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது கமக்காரர் கலங்களுடன் நீண்ட வரிசைகளில் நின்றனர். அவ்வாண்டு ஆடி மாதத்தில் கியூ.ஆர். குறியீட்டின்படி எரிபொருள் பங்கிடும் முறை வந்தது. கிடைத்த டீசலைக் கிடைத்த பாத்திரத்தில் சேமித்தவர் பலர். அக்காலத்தில் டீசல் லீற்றர் 400 ரூபாவுக்கு மேல் விற்க, மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தது. 2022 ஆகஸ்ட் 22 ஆம் திகதி அது 340 ரூபாவாக உயர்த்தப்படும்வரை, டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் ஆசைக்கு அவ்விலை வேறுபாடே இடமளித்தது. மண்ணெண்ணெய் கலந்த டீசலிலும் இயந்திரம் ஓடும். கேடு அன்றே தெரிவதில்லை. மசகு குறைந்து தேய்ந்த பம்பு, பல மாதங்கள் கழித்து, உழவு மிகுந்த ஒரு நாளில் நின்றுவிடும். பழைய இயந்திர எண்ணெயை வடித்து டீசலில் கலப்பதும் அவ்வாறே தவறு. அதில் கரியும் தேய்ந்த உலோகத் துகளும் நிறைந்துள்ளன.

போத்தல்களில் இருப்பவை

டீசல் சேர்மானம் என்னும் ஒரே பெயரில் வெவ்வேறு வேலைக்குரிய பொருள்கள் விற்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

1. பற்றும் விரைவைக் கூட்டுவன: டீசல் எவ்வளவு விரைவில் பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் அளவு சீற்றேன் எண் எனப்படும். இவ்வெண்ணை உயர்த்தும் சேர்மானம், தரம் குறைந்த டீசலில் இயந்திரம் கிளம்புவதை ஓரளவு எளிதாக்கும். தரமான டீசலில் இதனாற் கூடுதல் இழுவை கிடைக்குமென எதிர்பார்ப்பதற்கில்லை.

2. நொசிலைக் கழுவுவன: நொசிலின் முனையிற் படிந்த கரியைச் சிறிது சிறிதாகக் கரைக்கும் இயல்பு இவற்றுக்குண்டு. படிவு தொடக்கநிலையில் இருந்தாற் பயன் தரும். தேய்ந்துபோன நொசிலை எந்தச் சேர்மானமும் சீராக்காது. நெடுங்காலம் கழுவாத தாங்கியில் இதனை ஊற்றினால் அடியிலுள்ள அழுக்கு கிளம்பி வடிகட்டியை அடைக்கும். ஆகையால் தாங்கியைக் கழுவிப் புதிய வடிகட்டியையும் கையில் வைத்துக்கொண்ட பின்னரே இதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.

3. மசகு கொடுப்பன: கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலின் இயற்கையான மசகுத் தன்மையும் குறைகின்றது. இக்குறையை நிரப்பும் பொருளை எரிபொருள் வழங்குவோரே தரக்கட்டளைக்கு ஏற்பச் சேர்ப்பது உலக வழக்கம். நம்பத்தகுந்த நிரப்பு நிலையத்தில் வாங்கிய டீசலுக்கு மேலும் சேர்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

4. நீரை நீக்குவதாகக் கூறுவன: இவை இருவகை. ஒன்று நீரை டீசலிலிருந்து பிரித்து அடியில் தங்கச் செய்யும். அந்நீரை வடித்து அகற்ற வேண்டிய வேலை பின்னும் இருக்கும். மற்றொன்று நீரை டீசலுடன் கலந்துவிடும். அவ்வாறு கலந்த நீர் வடிகட்டியையும் கடந்து பம்பை அடையக்கூடும். மதுசாரம் கலந்தவை பம்பின் மசகையும் இறப்பர் வளையங்களையும் கெடுக்கும். இவ்விரண்டாம் வகையைத் தவிர்த்தலே நலம்.

5. நுண்ணுயிர்க் கொல்லிகள்: பீப்பாயில் நெடுங்காலம் சேமிக்கும் டீசலுக்கு இவை உதவலாம். இவை நஞ்சு, அளவு மிகுதல் ஆகாது. இறந்த நுண்ணுயிர்ப் படிவையும் பின்னர் வடித்து அகற்றவே வேண்டும்.

6. டீசல் உறையாமற் காப்பன: கடும் பனி பெய்யும் நாடுகளில், டீசலிலுள்ள மெழுகு கட்டியாகி வடிகட்டியை அடைப்பதைத் தடுக்க இவை உண்டாக்கப்பட்டன. ஊவாவின் குளிர் அத்தகைய கடுமையுடையதன்று. தை மாதக் காலையில் இயந்திரம் தாமதித்துக் கிளம்பினால், குழாயிற் புகுந்த காற்றையும், அடைபட்ட வடிகட்டியையும், உருளையின் அழுத்தக் குறைவையும் முதலிற் சோதித்தல் வேண்டும்.

புகையின் நிறம் கூறுவது

சேர்மானம் வாங்கத் தூண்டுவது பெரும்பாலும் புகையே. அப்புகையின் நிறமே பழுதின் இடத்தையும் காட்டுகின்றது.

கரும்புகை டீசலுக்கு வேண்டிய காற்றுப் போதவில்லை என்பதன் அறிகுறி. அடைபட்ட காற்று வடிகட்டி, அளவுக்கு மீறிய ஆழத்தில் உழுதல், ஒழுகும் நொசில் ஆகியன காரணங்களாகலாம். வெண்புகை, டீசலில் நீர் கலந்திருப்பதையோ, டீசல் முழுதும் எரியாமல் வெளியேறுவதையோ குறிக்கும். நீலப்புகை இயந்திர எண்ணெய் எரிவதைக் காட்டும். வளையங்கள் தேய்ந்திருத்தலும் எண்ணெய் அளவுக்கு மிஞ்சியிருத்தலும் அதற்குரிய காரணங்கள். இவற்றுள் நொசிலின் கரிப்படிவு ஒன்றைத் தவிர மற்றவற்றைப் போத்தலிலுள்ள எப்பொருளும் தீர்க்காது.

ஊவாவுக்கே உரிய மற்றொரு காரணமுமுண்டு. மகியங்கனை கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 100 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலும் உள்ளன. உயரம் ஏற ஏறக் காற்றின் செறிவு குறைகின்றது. தாழ்நிலத்தில் உழுத ஓர் இயந்திரத்தைப் பண்டாரவளைக்குக் கொண்டுவந்தால் அதன் வலுவில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு குறைந்து, பாரம் ஏறும்போது கரும்புகையும் தோன்றும். இது பழுதன்று; இயற்கை. இதற்கு மருந்து, ஒரு கியர் குறைத்து, உழவின் ஆழத்தையும் குறைத்து ஓட்டுவதேயாகும்.

மிச்சம் உண்டா என்னும் கணக்கு

உதாரணமாக, டீசல் லீற்றர் 300 ரூபா எனவும், அதற்குச் சேர்க்கும் பொருளின் செலவு 15 ரூபா எனவும் கொள்க. சேர்மானச் செலவை ஈடுசெய்வதற்கே நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு டீசல் மிச்சமாக வேண்டும். அதற்கு மேற்பட்டதே இலாபம். மண்ணின் ஈரமும் ஓட்டுபவரின் கையும் மாறுவதனாலேயே டீசற் செலவு இதற்கு மேல் ஏறியிறங்கும். ஆகவே, ஒரு நாள் குறைவாகச் செலவாயிற்று என்பதைக் கொண்டு சேர்மானம் பயன் தந்தது என முடிவு செய்தல் தகாது. சோதிக்க விரும்புபவர் ஒரே அளவான, ஒரே ஈரமுள்ள நிலங்களைத் தெரிந்து, ஒரே கியரில், சேர்மானம் சேர்த்தும் சேர்க்காமலும் பலமுறை உழுது, செலவான லீற்றரைக் கொப்பியிற் குறித்துப் பார்த்தல் வேண்டும்.

முதலிற் செய்ய வேண்டியவை

1. டீசலை மக்களின் பழக்கமுள்ள, விற்பனை மிகுந்த நிரப்பு நிலையத்தில் வாங்குக. டீசலுக்கெனத் தனியான, மூடியுள்ள, சுத்தமான கலம் வைத்திருத்தல் வேண்டும்.

2. கலத்தில் கொண்டுவந்த டீசலை ஒருநாள் அசையாமல் வைத்துத் தெளியவிடுக. அடியிலுள்ள சிறிதளவை ஊற்றாது விட்டு, மேலுள்ளதை நுண்ணிய வலை பொருத்திய புனல் வழியாகத் தாங்கியில் ஊற்றுக. மழையில் மூடியைத் திறத்தல் ஆகாது.

3. நாள் வேலை முடிந்ததும் மாலையிலேயே தாங்கியை நிரப்புக. நிறைந்த தாங்கியில் இரவுப் பனிக்கு இடமில்லை.

4. காலையில் இயந்திரத்தைக் கிளப்புமுன் வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் நீர் தங்கியுள்ளதா எனப் பார்த்து வடித்துவிடுக. பின்னர் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுக.

5. டீசல் வடிகட்டியைக் கைந்நூலிற் குறித்த மணித்தியாலங்களுக்கு ஒருமுறை மாற்றுக. எண்ணெய்க் கிண்ணமுள்ள காற்று வடிகட்டியை, தூசி மிகுந்த நாட்களில் தினந்தோறும் பார்த்து, சேறான எண்ணெயை மாற்றுக.

6. போகம் முடிந்து இயந்திரத்தை நிறுத்துமுன் தாங்கியின் அடியை வடித்து, புதிய டீசலால் நிரப்பி, சிறிது நேரம் ஓட்டிய பின் கூரையின் கீழ் நிறுத்துக.

இவ்வளவும் செய்தபின்னரும் சேர்மானம் தேவைப்படுமாயின், இயந்திரத்தின் கைந்நூல் அதனை அனுமதிக்கின்றதா என்று முதலிற் பார்க்க வேண்டும். குறித்த அளவை அளந்தே ஊற்றுதல் வேண்டும், கண்மதிப்பு கூடாது. இரு வகைகளை ஒன்றாகக் கலத்தல் தவறு. வெறும் போத்தலைக் குடிநீருக்கோ பயிர் மருந்துக்கோ பயன்படுத்தலாகாது. சிறுவர் கைக்கு எட்டாதபடி வைத்தல் அவசியம்.

புகை நீங்காவிடினும் இழுவை திரும்பாவிடினும் நொசிலையும் பம்பையும் சோதனைக் கருவியுள்ள வேலைத்தலத்திற் காட்டுதல் வேண்டும். இயந்திரப் பராமரிப்பைப் பற்றிய ஐயங்களை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திலும், விவசாயப் போதனாசிரியரிடமும், விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசிச் சேவையிலும் கேட்டுத் தெளியலாம்.

சேர்மானப் போத்தலை வாங்கக் கடைக்குப் புறப்படும் கமக்காரர், புறப்படுமுன் வடிகட்டிக் கிண்ணத்தை ஒருமுறை கழற்றிப் பார்ப்பாராக. அடியில் நீரும் சேறும் காணப்படின் அவர் வாங்க வேண்டியது புதிய வடிகட்டியே. பெரும்போகத்தின் முதல் மழையன்று இயந்திரம் ஒரே இழுப்பிற் கிளம்புவது அந்தச் சிறு கவனத்தினாலேயாம்.