சக்கர நட்டை இறுக்குதல்: வேகமும் அளவும்

பெரும்பாலான கார்களில் சக்கரத்தை அதன் குடத்தோடு பிணைத்து வைப்பவை நான்கு அல்லது ஐந்து நட்டுகளே. ஓடும் வண்டியினின்றும் சக்கரம் கழலாதிருப்பது இவை சரியான அளவில் இறுக்கப்பட்டிருப்பதைப் பொறுத்தது. அவ்வளவை அறிவது எங்ஙனம், அதற்கேற்ற கருவிகளைத் தேர்வது எங்ஙனம் என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்து 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதுவே 1965-இல் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமாயிற்று. நெடுங்காலம் வரையில் சக்கர நட்டுகளைக் கழற்றவும் பூட்டவும் கைவலியே துணையாயிருந்தது. இன்றோ நகரின் டயர்க் கடைகளில் காற்றழுத்தத்தாலோ மின்கலத்தாலோ இயங்கும் இம்பாக்ட் ரென்ச் சில நொடிகளில் அவ்வேலையை முடித்துவிடுகிறது. வேகம் பெருகிற்று, அளவு பிழைபடும் வாய்ப்பும் உடன் பெருகிற்று.

நட்டைத் திருப்பும் ஆற்றலைத் திருப்புவிசை என்கிறோம். பணிமனை வழக்கில் இது டார்க் எனப்படும். விசையை நெம்புகோலின் நீளத்தால் பெருக்கினால் திருப்புவிசை கிடைக்கும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வீல் ஸ்பேனரின் முனையில் 25 கிலோகிராம் எடைக்குரிய விசையைச் செலுத்தினால், ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் உண்டாகும். பல சிறிய கார்களுக்குப் போதுமான அளவு இதுவே. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அம்முனையின்மேல் ஏறி நின்றால் அது ஏறத்தாழ 240 ஆகிவிடும். இக்கணக்கை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம்.

இத்திருப்புவிசையின் பெரும்பகுதி உராய்வில் செலவாகிறது. பத்தில் ஒரு பங்களவே திருகாணியை இழுத்து நீட்டுகிறது. எனினும் 12 மில்லிமீட்டர்த் திருகாணியை 100 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால், அது ஏறத்தாழ 4 டன் எடைக்கு ஒப்பான விசையுடன் சக்கரத்தைக் குடத்தோடு அழுத்துகிறது. அவ்வழுத்தம் தரும் உராய்வே சுமையைத் தாங்குகிறது. அழுத்தம் குறைந்தால் சக்கரம் சிறிது நழுவி, ஒவ்வொரு சுற்றிலும் திருகாணியை வளைக்கும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 530 முறை சுழலும். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் சென்றடைவதற்குள் ஏறத்தாழ 35,000 முறை அவ்வளைவு நேரும். உலோகம் களைத்து முறிவது இதனாலேயாம். மிகையாக இறுக்கினாலோ திருகாணி மீளா நீட்சி அடையும், மரை சிதையும், பிரேக் தட்டு கோணும். வழியில் டயர் பழுதுற்றால் நட்டைக் கையால் கழற்றவும் இயலாது.

இம்பாக்ட் ரென்சினுள் சுழலும் சம்மட்டி ஒன்று தண்டைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது. அடியின் எதிர்விசை கையில் பெரிதும் உணரப்படாமையால், நட்டு எவ்வளவு இறுகிற்று என்பதைக் கை அறியாது. காற்றழுத்தம், மின்கலத்தின் நிலை, அடிக்கும் நேரம் ஆகியவற்றிற்கேற்ப அளவு மாறிவிடும். ஆகவே இக்கருவியை முதன்மையாகக் கழற்றுவதற்கென்றே கொள்ளல் தகும். கார்களுக்கு அரை அங்குலச் சதுரமுனை உடையது ஏற்றது. வெளிப்பணி வாகனங்களுக்கு மின்கலக் கருவி வசதியானது. இதனுடன் தடித்த சுவருடைய, ஆறுமுக இம்பாக்ட் சாக்கெட்டையே பூட்டவேண்டும். கைச்சாவிக்குரிய குரோமியம் பூசிய சாக்கெட் அடிபட்டு வெடித்துச் சிதறக்கூடும்.

இம்பாக்ட் ரென்சைக் கொண்டே பூட்டவேண்டின், டார்க் ஸ்டிக் எனப்படும் வரம்புத் தண்டு துணைபுரியும். இது வில்லெஃகினால் ஆன நீட்டுத்தண்டு; முனையில் சாக்கெட்டைக் கொண்டது. குறித்த அளவை நெருங்கியதும் தண்டு முறுகி மீள்கிறது; சம்மட்டியின் அடி நட்டைத் திருப்பாமல் அதிலேயே அடங்குகிறது. எனினும் இது அளவுகோல் அன்று. ரென்ச் மிக வலியதாயின் வரம்பு மீறப்படும். இதனைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தலாகாது. தண்டின் நிறத்தை நம்பாது, அதன்மேல் பொறித்துள்ள எண்ணையே நோக்கவேண்டும்.

தேர்வில் முதன்மையாகக் கருதவேண்டுவது ஒன்றுண்டு. இறுதிச் சோதனைக்குரிய கருவி, அளவு குறித்த டார்க் ரென்ச். குறித்த அளவை எட்டியதும் அது ஒலியெழுப்பும். ஆனால் நட்டு முன்னரே மிகையாக இறுகியிருப்பினும் அவ்வாறே ஒலிக்கும். மிகையை அது காட்டிக் கொடாது. ஆதலின் வரம்புத் தண்டின் அளவு, வண்டியின் கையேட்டில் கூறப்பட்டதற்குச் சற்றுக் குறைவாயிருத்தல் வேண்டும். 100 நியூட்டன் மீட்டர் தேவையெனில் 80 அளவுள்ள தண்டைத் தேர்க. டார்க் ரென்சைத் திருப்பும்போது நட்டு சிறிது நகர்ந்து பின்னர் ஒலித்தால், சோதனை மெய்யானது.

திருவனந்தபுரம் போன்ற கடற்கரை நகரங்களில் உப்பீரமும் இரு பருவமழைகளும் துருவை வளர்க்கின்றன. குடத்தின் முகத்தில் துரு படிந்திருந்தால், அது பின்னர் உதிர்ந்து பிடிப்பைத் தளர்த்தும். எனவே கம்பித் தூரிகையால் அதனைத் துடைத்தல் வேண்டும். கையேடு கூறாதவிடத்து மரைகளில் எண்ணெய் இடலாகாது. உராய்வு குறைவதால் அதே திருப்புவிசை திருகாணியை மிகையாக இழுத்துவிடும்.

பூட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையால் சில சுற்றுகள் ஏற்றுக. பின்னர் ஒன்றுக்கு எதிரானது மற்றொன்று என்னும் முறையில் சிறிது சிறிதாக இறுக்கி, ஜாக்கியை இறக்கியபின் டார்க் ரென்சால் முடிக்கவும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுமுறை சோதிப்பது நன்று. பொன்முடி போன்ற மலைச்சாலைகளில் செல்லும் வாகனங்களுக்குப் புறப்படும் முன்னரே இச்சோதனையை முடித்தல் இன்றியமையாதது. விலையுயர்ந்த இம்பாக்ட் ரென்ச் வாங்கப் பொருளில்லாத அலுவலகமும் நல்ல டார்க் ரென்ச் ஒன்றை வைத்திருத்தல் வேண்டும்; கழற்றுவதற்குக் கைவலி போதும், பூட்டுவதற்கு அளவு வேண்டும்.