வெயில் ஃப்ரீ, மீன்தொட்டி ஃப்ரீ இல்லை: வீட்டு முற்றத்துல ஒரு கடல் வைக்க எவ்வளவு ஆகும்?

வழக்கமா இங்க டெர்ம் இன்ஷூரன்ஸ், எஃப்டி, எஸ்ஐபி பத்தித்தான் பேசுவோம். இன்னைக்கு மீன்தொட்டி. சிரிக்காதீங்க, இதுவும் பணக் கதைதான்.

போன மாசம் ஒரு அண்ணன் வீட்டு ப்ளானைச் சுருட்டி எடுத்துக்கிட்டு ஆபீஸுக்கு வந்தார். சிங்கப்பூர்ல 14 வருஷம் வேலை பார்த்துட்டு ஊர் திரும்பினவர். மணமேல்குடி பக்கம் வீடு கட்டறார். ப்ளான்ல முற்றத்துக்கு நடுவுல ஒரு நீளக் கட்டம், அதுக்குள்ள பேனாவால "கடல்"னு எழுதியிருந்தார்.

"தம்பி, அங்க ஃப்ளாட்ல மூணடி உப்புத்தண்ணித் தொட்டி வச்சிருந்தேன். லைட்டுக்கே அவ்வளவு கரண்ட் போகும். நம்ம ஊர்ல வெயிலுக்கு என்ன பஞ்சம்? எட்டடித் தொட்டி, பவளம், மீனு எல்லாம் சூரிய வெளிச்சத்துலயே. எஃப்டியில எட்டு லட்சம் உடைச்சுக்கலாமா?"

வீடு முடிஞ்சதும் அவர் கையில மிச்சம் இருக்கப்போறது 22 லட்சம். மக பதினொண்ணாவது படிக்குது. ஊருக்கு வந்ததுலேருந்து ஹெல்த் இன்ஷூரன்ஸ் கிடையாது. "முடியாது"ன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாம். ஆனா ஆசைக்கு பதில் கணக்காத்தான் இருக்கணும், அதட்டலா இருக்கக்கூடாது. உக்காந்து எக்செல் திறந்தோம்.

இது நடக்கிற காரியமா?

நடக்கும். இந்தோனேசியாவுல லீ சின் எங்னு ஒருத்தர் 1961-லயே இதைப் பத்தி எழுதினார். சூரிய வெளிச்சம், கடல்லேருந்து எடுத்த உயிருள்ள பாறை, கொஞ்சம் காற்றுக் குமிழி, அவ்வளவுதான் அவரோட முறை. ஆஸ்திரேலியாவுல டவுன்ஸ்வில் நகரத்துல 1987-ல திறந்த ரீஃப் அக்வேரியம், சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணியோட, திறந்த வானத்துக்குக் கீழ இருந்துச்சு.

ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. தண்ணி எவ்வளவு அதிகமோ, சூடும் உப்பும் அவ்வளவு மெதுவா மாறும். 25 லட்சம் லிட்டர் ஒரு மத்தியான வெயிலைத் தாங்கும். நம்ம எட்டடித் தொட்டி தாங்குமா?

முதல் கணக்கு: எடை

8 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம்னா 60 கன அடி, சுமார் 1,700 லிட்டர். கடல் தண்ணி நல்ல தண்ணியை விடக் கொஞ்சம் கனம், அதனால தண்ணி மட்டுமே 1,740 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட் சேர்த்தா ரெண்டரை டன்.

இந்த எடை உக்கார்ற இடம் வெறும் 24 சதுர அடி, சதுர மீட்டருக்கு 1,100 கிலோவுக்கு மேல. சாதாரண வீட்டு அறைத் தளத்தை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ கணக்குலதான் டிசைன் பண்றாங்க. அதனால மாடிங்கிற பேச்சே வேண்டாம். தரைத்தளம், தனி அஸ்திவாரம், இன்ஜினியர் கையெழுத்து. அண்ணன் முற்றத்தை எடுத்தது இந்த விஷயத்துல சரி.

ரெண்டாவது கணக்கு: வெயில்

திருமயம் பக்கம் ராயவரம், கடியாபட்டி வீடுகள்ல முற்றம் பார்த்திருப்பீங்க. வெளிச்சம், காற்று, மழை எல்லாம் உள்ளே வரும். தொட்டிக்கு அதுல முதல் ஒண்ணு மட்டும்தான் வேணும்.

நம்ம மாவட்டத்துல ஏப்ரல் நடுவிலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் சூரியன் மத்தியானம் நேர் உச்சிக்கு வரும். நடு மாசங்கள்ல கொஞ்சம் வடக்குப் பக்கம் சாயும். டிசம்பர்ல 33 டிகிரி தெற்கே. அதாவது ஒரே திறப்பு வழியா வருஷம் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் விழாது.

உச்சி வெயில்ல சதுர மீட்டருக்கு சுமார் 1,000 வாட் இறங்கும். தொட்டியோட மேற்பரப்பு 2.2 சதுர மீட்டர். ரெண்டு இஸ்திரிப் பெட்டியைத் தண்ணிக்குள்ள ஆன் பண்ணி வச்ச மாதிரி. அதனால 70 சதவீத ஷேட் நெட் கட்டாயம். அப்பவும் முற்றத்துல சித்திரை மாசக் காற்று 38 டிகிரி, தொட்டித் தண்ணி 26-லயே நிக்கணும்.

மன்னார் வளைகுடாவுல 2010-லயும் 2016-லயும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்துச்சு. கடலே 30 டிகிரியைத் தாண்டினா தவிக்குதுன்னா, முற்றத்துத் தொட்டியைப் பத்திச் சொல்லவே வேணாம். சில்லர் இல்லாம இந்தத் திட்டம் இல்லை.

சரி, வெயில் எவ்வளவு மிச்சம் பண்ணுது? நான் போட்ட அனுமானம் இது (யூனிட்டுக்கு ₹10-னு தோராயமா வச்சுக்கிட்டேன்):

- அறைக்குள்ள எல்இடி வச்சா: 600 வாட், 10 மணி நேரம், மாசம் 180 யூனிட். ₹1,800.
- முற்றத்து வெயில்னா: அந்த ₹1,800 மிச்சம். ஆனா 900 வாட் சில்லர் தினம் 8 மணி நேரம் ஓடறதுக்கு பதிலா 14 மணி நேரம் ஓடும். கூடுதல் மாசம் 162 யூனிட். ₹1,620.

நிகர மிச்சம் மாசம் ₹180. அண்ணன் ரெண்டு தடவை கால்குலேட்டர்ல தட்டிப் பார்த்தார். வெயில் ஃப்ரீதான், அதோட வர்ற சூட்டைத் திருப்பி அனுப்பத்தான் கட்டணம்.

மூணாவது கணக்கு: மழையும் கரண்ட்டும்

ஐப்பசி மழை ஒரே நாள்ல 10 செ.மீ. பெஞ்சா, திறந்த தொட்டியில 220 லிட்டர் நல்ல தண்ணி விழும். லிட்டருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய உப்பு 31-க்கு இறங்கிடும். அதனால மேல பாலிகார்பனேட் கூரை, அதுக்குக் கீழ ஷேட் நெட்.

அடுத்து கரண்ட். 2018 நவம்பர் 16, கஜா புயல். நம்ம மாவட்டத்துல எத்தனை ஊர் எத்தனை நாள் இருட்டுல கிடந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பம்ப் நின்னா தண்ணியில ஆக்ஸிஜன் குறைய சில மணி நேரம் போதும். பேட்டரியில ஓடற ஏர் பம்ப், இன்வெர்ட்டர் ரெண்டும் இந்தப் பட்ஜெட்டுக்குள்ளேயே வரணும். அப்புறமா பார்த்துக்கலாம்கிற லிஸ்ட்ல போடாதீங்க.

நாலாவது: சட்டம் (இதைத் தாண்டிப் போயிடாதீங்க)

"பக்கத்துலதானே கடல், பவளத்தை யாராவது எடுத்துத் தருவாங்க"ன்னு அண்ணன் சொன்னதும் லேப்டாப்பை மூடிட்டேன்.

பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல முதல் அட்டவணை. புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. மீறினா 3 முதல் 7 வருஷம் சிறை, குறைஞ்சது ₹25,000 அபராதம். வெளிநாட்டுலேருந்து வர்றதுன்னாலும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கு, பேப்பர் இல்லாம வச்சுக்க முடியாது. கடை ரசீது இருக்குங்கிறது அனுமதி ஆகாது. செத்த பவளக் கல்லும் அலங்காரப் பொருள் கிடையாது. சந்தேகம் இருந்தா வனத்துறைகிட்ட எழுத்துல கேளுங்க, பதிலையும் எழுத்துல வாங்குங்க.

நம்ம கரைக்கு இன்னொரு பெருமையும் இருக்கு. 2022-ல தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல்ல 448 சதுர கிலோமீட்டரை கடற்பசு பாதுகாப்பகமா அறிவிச்சாங்க. நாட்டிலேயே முதல். அந்தக் கடலைக் கிள்ளி எடுத்து முற்றத்துல வைக்கறது அழகு இல்லை.

அப்ப தொட்டியில என்ன வைக்கறது? செயற்கைப் பாறை, பண்ணையில பொரிச்ச கோமாளி மீன், கடற்பாசி. கோமாளி மீனைப் பண்ணையில வளர்க்கிற தொழில்நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எப்பவோ உருவாக்கிட்டாங்க. மண்டபத்துல அவங்க மையம் இருக்கு, மணமேல்குடியிலேருந்து ஒரு நாள்ல போய் வந்துடலாம். வெயிலோட உண்மையான பயனும் இங்கதான்: கடற்பாசி சூரிய வெளிச்சத்துல வளர்ந்து, மீன் கழிவுலேருந்து வர்ற நைட்ரேட்டை உறிஞ்சிக்கும்.

மொத்த பில்

ஒரு தடவை செலவு (என் மதிப்பீடு, உங்க ஊர்ல கொட்டேஷன் வாங்கிப் பாருங்க):

- தொட்டி, ஸ்டாண்ட், அஸ்திவாரம்: ₹3 லட்சம்
- கீழ்த்தொட்டி, பம்ப், ஸ்கிம்மர்: ₹1.5 லட்சம்
- சில்லர்: ₹1 லட்சம்
- கூரை, ஷேட் நெட்: ₹80,000
- ஆர்ஓ, முதல் உப்பு (சுமார் 70 கிலோ): ₹50,000
- பாறை, மணல், மீன்: ₹70,000
- இன்வெர்ட்டர், பேட்டரி: ₹50,000

ஆக ₹8 லட்சம். அண்ணன் கேட்ட தொகை சரியாத்தான் இருந்துச்சு. அவர் எழுதாம விட்டது மாசச் செலவை. கரண்ட் ₹5,220, உப்பு ₹1,750, தீவனம், டெஸ்ட் கிட் ₹1,500, ரிப்பேர் ஒதுக்கீடு ₹1,500. கிட்டத்தட்ட ₹10,000. பத்து வருஷத்துக்கு ₹12 லட்சம். விலைவாசி ஏறாதுன்னே வச்சாலும் மொத்தம் ₹20 லட்சம்.

இதே எட்டு லட்சத்தையும் மாசம் பத்தாயிரத்தையும் வருஷம் 10 சதவீதம் வளர்ற இடத்துல போட்டா (உத்தரவாதம் இல்லை, கணக்குக்குத்தான்) பத்தாவது வருஷம் சுமார் ₹41 லட்சம். அவர் கையில இப்ப இருக்கிறதே 22.

"மீன் குஞ்சு வித்துச் சம்பாதிச்சா?"ன்னு கேட்டார். அது தொழில், இது ஆசை, ரெண்டையும் கலக்காதீங்க. சொந்தத் தொட்டிச் செலவைத் தொழில் கணக்குல எழுத முடியாது. உண்மையிலேயே தொழில்தான்னா, பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல வீட்டுக் கொல்லையில அலங்கார மீன் வளர்க்கிற யூனிட்டுக்கு ₹3 லட்சம் மதிப்பு வச்சு, பொதுப் பிரிவுக்கு 40, பெண்களுக்கும் எஸ்சி/எஸ்டிக்கும் 60 சதவீத மானியம்னு கொடுத்திருக்காங்க. அதுக்கு மீன்வளத்துறையில தனியா விசாரிங்க.

கடைசியில என்ன முடிவு பண்ணோம்?

1. முதல்ல குடும்பத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ். மக காலேஜுக்கு ₹8 லட்சம் தனி எஃப்டி, அதைத் தொடவே கூடாது.

2. வீடு கட்டும்போதே எதிர்காலத் தொட்டிக்கு இடம் மட்டும் தயார் பண்றது: தனி அஸ்திவாரம், தண்ணி வடிய பைப், 16 ஆம்ப் பாயின்ட். இப்ப ₹60,000 ஆகும். வீடு முடிஞ்சப்புறம் தரையை உடைச்சுப் பண்ணினா செலவு வேற, அண்ணிகிட்ட வாங்கற திட்டு வேற. அந்த இடம் இப்போதைக்குத் திண்ணையா இருக்கும்.

3. முதல் தொட்டி நாலடி, 340 லிட்டர். நிழலான தாழ்வாரத்துல. உச்சவரம்பு ₹1.25 லட்சம். ஒரு சித்திரை, ஒரு ஐப்பசி தாண்டட்டும். அந்த ஒரு வருஷமும் மாசச் செலவை நோட்டுல எழுதணும்.

4. வெயிலைப் பிடிக்கணும்னா கூரையில பிடிங்க. பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட் சோலாருக்கு ₹78,000 மானியம். தினம் சுமார் 12 யூனிட். தொட்டி இல்லாட்டியும் அந்தப் பேனல் வீட்டுக்கு உழைக்கும்.

அண்ணன் கொஞ்ச நேரம் ப்ளானையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் பேனா வாங்கி, "கடல்"ங்கிறதை அடிக்காம, பக்கத்துலயே "2 வருஷம் கழிச்சு"ன்னு எழுதினார்.

எனக்கு அது போதும். கனவைக் கலைக்கறது என் வேலை இல்லைங்க, அதுக்குத் தேதி போடறதுதான்.

இந்த எக்செல்லை வச்சு வீடியோவும் வருது. தொட்டிக்கு பதிலா பைக், மாடுலர் கிச்சன், ஹோம் தியேட்டர்னு எதைப் போட்டாலும் அதே மூணு கேள்விதான்: வாங்கற விலை என்ன, மாசா மாசம் எவ்வளவு தின்னும், கரண்ட் போனா என்ன ஆகும்?

(இங்க இருக்கிற விலைகள் மதிப்பீடுதான். மானியம், கட்டண விவரங்களை விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்த்துக்கங்க.)